ஒரு பேசின் தண்ணீர்

“ஆறு ஆலோசகர்களும் ஒரு பேசின் குளிர்ந்த தண்ணியும் போதும். வெடிக்கிற எரிமலையையே ‘மன்னிச்சுக்குங்க, சத்தம் போட்டுட்டேன்’னு சொல்ல வைப்பேன்.”

காலையில் தொலைபேசியில் பயிற்சியாளரம்மா இப்படிச் சொன்னதும், அன்றுதான் பொறுப்பேற்ற ஆஸ்பத்திரி மேலாளர் சிரித்த சிரிப்பில் அந்த அம்மாவின் காது அடைத்துப்போனது. மேலாளரை இன்னும் யாரும் நேரில் பார்த்ததில்லை.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. இன்னிக்கு ஒரே ஒரு ஆளையாவது அமைதியாக்கிக் காட்டுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து வகுப்பு கிடையாது.”

வகுப்பு என்பது டி.பி.டி. பயிற்சி. கொந்தளித்து வருகிறவருக்குக் கொதிப்பை ஆற்றிக்கொள்ளும் வழிகளைக் கற்றுத்தரும் சிகிச்சை அது. ஆலோசகர்கள் ஆறு பேருக்கும் பாடம் தலைகீழாகத் தெரியும். ஆனால் எதிரே ஒருவர் பலமாகத் தும்மினாலே பாதி உயிர் போய்விடும். அதிலும் ‘கிசுகிசு’ என்று பெயர் வாங்கிய பெண் பேசினால் அவளுக்கே கேட்காது.

இவர்கள் பயம் தெளியத்தான் கோபக்காரராக நடிக்க ஒரு நாடகக்காரரைப் பயிற்சியாளரம்மா வரச் சொல்லியிருந்தார். ஆளைக் காணோம்.

“சரி, நீங்களே கோவக்காரங்களா நடிங்க.”

“உங்க மேல எனக்குக் கொஞ்சம் வருத்தம். தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் கிசுகிசு.

“இது கோவமா? கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு. அடிவயித்துலேருந்து கத்துங்க.”

கத்தினார்கள். பிறந்ததிலிருந்து அடக்கிவைத்த கூச்சலெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கீழே காத்திருந்தவர்கள் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

கதவு படாரென்று திறந்தது. பழுத்த மிளகாய் நிறத்தில் ஒரு முகம்.

“இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?”

“அப்பாடா, வந்துட்டாரு,” என்று ஆறு பேரும் கைதட்டினார்கள். மிளகாய் இன்னும் பழுத்தது.

நடிகர்தானே, என்ன பயம்? கிசுகிசு நிமிர்ந்து நடந்து வந்தாள்.

“உங்க கோவத்துல நியாயம் இருக்குங்கண்ணா. இந்தச் சத்தத்துக்கு யாருக்குத்தான் தலை வெடிக்காது?”

“அண்ணாவா? நான் யாருன்னு தெரியுமா?”

“நல்லாத் தெரியும். இதயக் கோளாறு ஏதாவது உண்டா?”

“இல்ல. உங்களாலதான் வரப்போகுது.”

“அப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை இதுல முக்குங்க, படபடப்பு தணியும்,” என்று குளிர்ந்த தண்ணீர் பேசினை நீட்டினாள்.

அவள் சொன்ன தோரணையில் அவர் முக்கியே விட்டார். நிமிர்ந்ததும் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டார். இழுத்ததைவிட நீளமாக, மெல்ல. சிவப்பு வடிந்தது. தோள் தளர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்குங்க, சத்தம் போட்டுட்டேன். தூங்கியே பல நாளாச்சு.”

பயிற்சியாளரம்மாவுக்குப் பெருமையில் தலை கூரையில் முட்டியது. மறுகணமே முகம் வாடினார்.

“பிரமாதமா நடிச்சீங்கய்யா. ஆனா அந்த மேலாளர் நம்பமாட்டார். நடிப்புதானேன்னு சிரிப்பார்.”

அப்போது ஒல்லியான ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“மன்னிக்கணும் மேடம், பஸ் வழியில நின்னுபோச்சு. கோவக்காரர் வேஷம் எனக்குத்தானே?”

எல்லோரும் நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள். “அப்ப நீங்க?” என்று கிசுகிசு கேட்டது மறுபடி அவளுக்கே கேட்கவில்லை.

நாற்காலியில் இருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“மேலாளர் நம்பிட்டார்மா. காலையில போன்ல சிரிச்சது நான்தான்.”