தொடர்பு எல்லைக்கு வெளியே ஐந்து நாள்

கடலைத் தாண்டியவர், கடலுக்கு அணை கட்டியவர், கடலையே ஒரு மிடறில் குடித்தவர் என்று பழைய கதைகளில் பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் நம் வணக்கம். ஆனால் ஐந்து நாள் நடுக்கடலில் மிதந்துவிட்டு, கைபேசிக் கம்பெனிக்கு ஒரு சல்லிக்காசுகூடக் கூடுதலாக அழாமல் கரை திரும்புவேன் என்று சபதம் செய்த முதல் மாவீரர், குடிநீர் வாரியத்தின் புதிய இணைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளரே.

அலுவலகத்தில் அவருக்கு 'ஒரு வார்த்தை சார்' என்று பெயர். அவர் முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் காதுக்கு எட்டாத இடமெல்லாம் அதுதான் பெயர். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. ஒரு வீட்டுக்குக் குழாய் போட வேண்டுமென்றால் விண்ணப்பம், வரைபடம், அளவைக் குறிப்பு, பொறியாளர் கையெழுத்து எல்லாம் இருந்தும் போதாது. கடைசியில் கண்காணிப்பாளரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை 'சரி' என்பது. அது அவர் வாயிலிருந்து வர ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அவசரத்தில் சொல்லப்படும் 'சரி' சரியாக இருக்காது என்பது அவருடைய ஆழ்ந்த கொள்கை.

அப்படிப்பட்டவருக்கு மகளும் மருமகனும் முப்பதாவது திருமண நாளுக்காக ஐந்து நாள் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.

"அஞ்சு நாள் நான் இல்லாம ஆபீஸ் என்ன ஆகும்?" என்றார்.

"போன்தான் இருக்கே மாமா, கேக்கணும்னா கூப்பிடப் போறாங்க" என்றார் மருமகன்.

அந்த ஆறுதலில் ஒருநாள் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலை ஆவணக் காப்பாளர் அதற்கும் உலை வைத்தார்.

"சார், என் சகலை போன வருஷம் இப்படித்தான் கப்பல்ல போனான். போனைத் தொடவே இல்ல. சட்டைப் பையில சும்மா கிடந்துச்சு. திரும்பி வந்து பில்லைப் பாத்தவன் அங்கேயே உக்காந்துட்டான்."

"சும்மா கிடந்ததுக்கா பில்லு?"

"சும்மா கிடந்தது அவன்தான் சார். போன் அது பாட்டுக்கு வேலை பாத்துட்டே இருந்திருக்கு."

பிறர் சும்மா கிடக்கையில் ஒன்று தானாக வேலை பார்ப்பது கண்காணிப்பாளருக்குப் பழக்கமில்லாத செய்தி. மதியமே கைபேசிக் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போய், நெற்றியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"கரையைத் தாண்டினதும் நம்ம டவர் கிடைக்காது சார். கப்பலுக்குன்னு தனியா ஒரு டவர் வெச்சிருப்பாங்க. அது செயற்கைக்கோள் வழியா போகும், கட்டணம் ரொம்ப அதிகம். உங்க மாசத் திட்டம் எதுவும் அங்க செல்லாது. உங்க போன் தானாவே அந்த டவரைப் பிடிச்சுக்கும்."

"தானாவேவா?"

"ஆமா சார்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம?"

"கேக்காது சார். நீங்கதான் ஏரோப்ளேன் மோடுல போட்டு வைக்கணும்."

முப்பத்திரண்டு வருடப் பணிக்காலத்தில் அவர் மனம் அவ்வளவு புண்பட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். குடும்பத்துக்குச் சுற்றறிக்கை விடுவது அவருக்குப் புதிதல்ல. குளிர்சாதனப் பெட்டியின் கதவை எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்கே ஏற்கெனவே ஒன்று கதவில் ஒட்டியிருந்தது. 'பொருள்: கடல்வழிப் பயணத்தின்போது எதிர்பாராக் கட்டணங்களைத் தவிர்த்தல் – தொடர்பாக' என்று தொடங்கிய இது, கப்பலில் கால் வைக்குமுன் கைபேசிகளை விமான நிலைக்கு மாற்றுவதையும், பயணம் முடியும்வரை எக்காரணம் கொண்டும் அந்த நிலையிலிருந்து மாற்றாதிருப்பதையும், நாளொன்றுக்கு மூன்று முறை 'திடீர் ஆய்வு' நடத்தப்படுவதையும் தெரிவித்தது. ஆய்வு நேரங்கள் கீழே அச்சிடப்பட்டிருந்தன.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஏங்க, கப்பல்ல போறதுக்கு எதுக்கு ஏரோப்ளேன் மோடு?"

"கப்பல் மோடுன்னு அவன் ஒண்ணு வைக்கலையே."

"என் தங்கச்சிகிட்ட பேசாம அஞ்சு நாள் எப்படிங்க இருப்பேன்?"

"இப்பவே அஞ்சு நாளுக்கும் சேத்துப் பேசிடு."

அம்மையார் சுற்றறிக்கையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்.

கப்பல் புறப்பட்டது. ஆறாம் தளத்தில் வட்டச் சன்னல் வைத்த சின்ன அறை. சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். அம்மையார் சன்னலோடு ஒட்டிக்கொண்டார். கண்காணிப்பாளர் அறை நடுவில் நின்று முதல் ஆய்வை நடத்தினார். இரண்டு கைபேசிகளின் திரை ஓரத்திலும் குட்டி விமானம் பறந்துகொண்டிருந்தது. 'திருப்தி' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

தனக்குக் கிடைத்த ஞானத்தைத் தன்னோடு வைத்துக்கொள்பவரல்ல அவர். இரண்டாம் நாள் காலை நீச்சல் குளத்தருகே பயணிகளுக்காக ஒரு 'விழிப்புணர்வுக் கூட்டம்' கூட்டினார். ஐந்து பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் துண்டு கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர்கள். ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவர் கடைசிவரை இருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

"ஆக, கைபேசி என்பது அணையாத அடுப்பு!" என்று முடித்தார் கண்காணிப்பாளர்.

"பத்து மணிக்கா?" என்றார் பல் மருத்துவர்.

மூன்றாம் நாள்தான் சோதனை தொடங்கியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒலிக்காத கைபேசி ஒலிப்பதுபோல் இருந்தது. நெஞ்சருகே ஏதோ அதிர்ந்தது; எடுத்துப் பார்த்தால் குட்டி விமானம் மட்டும். அலுவலகத்தில் இருந்தால் இந்நேரம் பதினைந்து பேர் கேட்டிருப்பார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாமல் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னைக் கேக்காம அங்க தவிச்சுப் போயிருப்பாங்க" என்றார் காலை உணவின்போது.

"தவிக்கட்டுமே, ரெண்டு நாள்தானே" என்றபடி அம்மையார் பப்பாளித் துண்டுகளை அவர் தட்டில் வைத்தார். "சாப்பிட்டுட்டு மேல வாங்க. மீனெல்லாம் துள்ளுதாம், எல்லாரும் பாக்குறாங்க."

கண்காணிப்பாளர் மேலே போனார். மீன் பார்க்க அல்ல. உயிர்காப்புப் படகுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்த இடத்துக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத மூலையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குட்டி விமானத்தைத் தரையிறக்கினார். இது விதிமீறல் அல்ல, 'அவசர அலுவல் விதிவிலக்கு' என்று தனக்குத்தானே ஆணை பிறப்பித்துக்கொண்டார். இரண்டே நிமிடம்.

தலைமை எழுத்தரின் கைபேசிக்கு அழைத்திருக்கலாம். ஆனால் அலுவலக நேரத்தில் ஊழியர்கள் கைபேசியை அணைத்து இழுப்பறைக்குள் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர் அவரேதான். ஆகவே அலுவலக எண்ணுக்கு அழைத்தார்.

மணி அடித்தது. அழைப்பு எடுக்கப்பட்டது. கம்பீரமான ஆண் குரல் ஒன்று பேசியது.

"வணக்கம். குடிநீர் வாரியம் உங்களை அன்புடன் வரவேற்கிறது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

அவருடைய குரல்தான். பொதுமக்கள் வசதிக்காக இரண்டு வருடம் முன்பு அவர் முயற்சியால் வந்த தானியங்கி இயந்திரம் அது. குரல் கொடுக்க வெளியாள் எதற்கு என்று தானே மூன்று நாள் தொண்டைக்கு வெந்நீர் குடித்துப் பதிவு செய்து கொடுத்தார். புதிய இணைப்புக்கு ஒன்று, பழைய விண்ணப்பத்தின் நிலையறிய இரண்டு, புகாருக்கு மூன்று என்று நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய மாத்திரை கெடாமல் சொல்லிக்கொண்டு போனது அந்தக் குரல். நடுவில் நீரின் அருமையைப் பற்றி ஒரு நிமிட உரையும் இருந்தது. பதிவு செய்த அன்று அந்த உரை அவருக்கு ரொம்பச் சின்னதாகத் தோன்றியது.

"சீக்கிரம் சொல்லித் தொலையேன்யா!" என்று தன்னையே அதட்டினார்.

"அதிகாரியிடம் பேச ஒன்பதை அழுத்தவும்."

அழுத்தினார்.

"அதிகாரி தற்போது முக்கியப் பணியில் உள்ளார். இணைப்பில் காத்திருக்கவும். உங்கள் பொறுமைக்கு நன்றி."

பிறகு வீணை வாசித்தார்கள். வீணை முடிந்ததும் மீண்டும் நன்றி சொன்னார்கள். மீண்டும் வீணை. காற்று சட்டையைப் படபடவென்று அடித்தது. துண்டித்துவிடலாமென்றால் இவ்வளவு நேரம் காத்தது வீணாகிவிடுமே என்று இருந்தது. வாரிய வாசலில் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் எழுந்து போவதில்லை என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது. பத்தொன்பதாம் நிமிடத்தில் இன்னொன்றும் விளங்கியது. ஒன்பதை அழுத்தினால் மணி அடிப்பது அவருடைய மேசையில். அவருடைய அறை பூட்டியிருக்கிறது. சாவி அவருடைய பெட்டிக்குள், ஆறாம் தளத்தில் இருக்கிறது.

இருபத்து மூன்றாம் நிமிடத்தில் பின்னால் ஒரு குரல் கேட்டது. "என்னங்க, யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க?"

பிடிபட்ட கோழித் திருடன்போல் திரும்பினார். அம்மையார் நின்றிருந்தார்.

"ஆபீஸுக்கு."

"யாரு எடுத்தாங்க?"

"நான்தான்."

"என்ன சொன்னீங்க?"

"காத்திருக்கச் சொன்னேன்."

அம்மையார் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கண்காணிப்பாளருக்குக் கோபம் வர வேண்டும்; வரவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டு பரிதாபமாக நின்றார். அதைப் பார்த்ததும் அம்மையாருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி விடுங்க. இவ்ளோ செலவு பண்ணிப் பேசணுமா? மாப்பிள்ளை டிக்கெட்டோட சேத்து கப்பல் வைஃபையும்தானே வாங்கிக் குடுத்திருக்கார். நான் தினமும் அதுலதான் தங்கச்சிகிட்ட பேசுறேன்."

"தினமுமா? சுற்றறிக்கை?"

"விமான நிலையை மாத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கீங்க. நான் மாத்தவே இல்ல. அதை அப்படியே வெச்சுட்டு வைஃபையை மட்டும் போடலாம்னு வரவேற்பறைப் பொண்ணு காட்டிக் குடுத்தா."

"என்னை ஒரு வார்த்தை…"

"நீங்க என்னை எப்பக் கேட்டீங்க? முப்பது வருஷமா சுற்றறிக்கைதானே வருது."

அவர் வீணையைத் துண்டித்தார். பிறகு, "அந்த வைஃபையில நானும் ஒரு தடவை ஆபீஸுக்கு…" என்று இழுத்தார்.

"ஒரு போனுக்குத்தான் கணக்கு. என் போனை நான் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கி, குட்டி விமானத்தை மறுபடி பறக்கவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார் அம்மையார். "வாங்க, அங்க நாற்காலி காலியா இருக்கு."

மீதி இரண்டு நாள் இருவரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மையாருக்கு நீந்தத் தெரியும் என்பது முப்பதாவது வருடத்தில் கண்காணிப்பாளருக்குத் தெரியவந்தது. பள்ளி நாட்களில் பரிசுகூட வாங்கியிருக்கிறாராம். "ஏன் சொல்லவே இல்ல?" என்றார். "சொல்ல ஆரம்பிப்பேன், உங்க போன் அடிக்கும்" என்றார் அவர். வரலாற்றின் மாபெரும் சிக்கனத் திட்டம் இவ்வாறு எதிர்பாராத பலன்களையும் அளித்தது.

கரைக்கு வந்து கைபேசி நம்ம ஊர் டவரைப் பிடித்ததும் முதல் வேலையாகக் கட்டணச் செய்தி வந்து விழுந்தது. அந்த இருபத்து மூன்று நிமிட வீணைக் கச்சேரிக்கு, வித்வானை வீட்டுக்கே அழைத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். 'தவிர்க்க இயலாத அலுவல் செலவு' என்று குறிப்பேட்டில் எழுதி அதை மூடினார்.

மறுநாள் சற்று முன்னதாகவே அலுவலகம் போனார். தவித்துப் போயிருப்பார்கள் அல்லவா? ஆனால் கூடத்தில் டோக்கன் நாற்காலிகள் காலியாக இருந்தன. வழி தவறி வந்துவிட்டோமோ என்று பலகையைப் பார்த்தார். சரியான இடம்தான். மேசையில் மலைபோல் இருந்த கோப்புகளைக் காணோம். மரப்பலகைக்கு நிறம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

தலைமை எழுத்தர் உள்ளே வந்தார். முகத்தில் கொஞ்சம் பயம்.

"கோப்பெல்லாம் எங்கம்மா?"

"முடிஞ்சிடுச்சு சார். முந்நூத்திப் பன்னெண்டு விண்ணப்பம்."

"எப்படி முடியும்? என்னை ஒரு வார்த்தை கேக்கலையே!"

"கேக்கத்தான் சார் பாத்தோம். தினமும் கூப்பிட்டோம். 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்'னே வந்துச்சு. பொறியாளர்கிட்ட போய்ச் சொன்னோம். 'கிடைக்கலையா? நல்லதாப் போச்சு, எல்லாம் சரியா இருக்கிறதை நீங்களே முடிச்சு அனுப்புங்க'ன்னார். எல்லாமே சரியாத்தான் சார் இருந்துச்சு."

கண்காணிப்பாளர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "ஜனங்க என்ன சொன்னாங்க?"

"உங்களுக்கு ஒரு கடிதம் குடுத்திருக்காங்க சார்" என்று ஓர் உறையை வைத்துவிட்டு, தலைமை எழுத்தர் கொஞ்சம் வேகமாகவே வெளியே போனார்.

உறைக்குள் ஒரு தாளும், அச்சுப் பளபளக்கும் ஒரு கப்பல் விளம்பரமும் இருந்தன. நான்கு தெரு மக்கள் சேர்ந்து எழுதியிருந்தார்கள். 'ஐயா, இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பின் எங்கள் வீடுகளில் தண்ணீர் வருகிறது. இந்த மாபெரும் சேவையைத் தாங்கள் வெளியூரில் இருந்தே செய்து முடித்ததை நன்றியுடன் நினைக்கிறோம். அடுத்த தெருக்காரர்கள் இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறார்கள். எனவே வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, உலகத்தையே சுற்றிவரும் நூற்றிருபது நாள் கப்பலில் தங்களுக்கும் அம்மாவுக்கும் இடம் பிடிக்க முடிவு செய்துள்ளோம்.

'ஒரே ஒரு வேண்டுகோள். கைபேசியைத் தயவுசெய்து கரையிலேயே விட்டுச் செல்லவும். தாங்கள் கப்பலில் இருந்து ஒரு வார்த்தை பேசினாலும், அதற்காகும் செலவை எங்களால் தாங்க முடியாது.'