மூலக்கூறுகளுக்கு ஒரு மேற்பார்வைக் குழு

கல்முனைக்குக் கிட்ட ஒரு கம்பஸில் இரசாயனவியல் படிப்பிக்கும் மிஹ்லார் சேர், திங்கட்கிழமை காலை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலைப் பிஸ்மி சொல்லி மேசையில் வைத்தார். மூச்சையும் அடக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவ்வளவுதான் ஆராய்ச்சி. இனி ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும்.

சுடுதண்ணீரில் கரைந்த தூள் ஆற ஆற, அதன் குட்டி மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தலைமயிரைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய நூலாகும், நூல் வலையாகும், மூன்று நாள் கழியத் தண்ணீரே வட்டிலப்பம் போல இறுகி நிற்கும். அதுவரை ஆட்டக்கூடாது. வியாழக்கிழமை கொழும்பில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதைப் பார்க்க ஒரு மணித்தியாலம் கிடைத்திருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவர் எட்டு மாதம் கடிதம் எழுதியிருந்தார், பாவம்.

செவ்வாய்க்கிழமை உதவிப் பதிவாளர் அப்துல் ஹமீட் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கொடுத்த ஆராய்ச்சிப் படிவத்தில் ‘பொறுப்பாளர்’ என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்ததாம்.

"தானாச் சேரும் எண்டு எழுதிரிக்கீங்க. ஆரு சேக்கிற?"

"ஒருத்தருமில்ல சேர். அதுகளாச் சேரும்."

"தலைவர்?"

"இல்ல."

"செயலாளரும் இல்லயா? அல்லாஹ்வே! பள்ளிவாசல் கூரைக்கு ஓடு மாத்த ஒம்பது பேரக் கூட்ட ஏலாம நான் ரெண்டு வருஷமாத் திரியிறன். உங்கட போத்தலுக்குள்ள கோடிக்கணக்குல தலைவர் இல்லாமக் கூடுதாக்கும்!"

பொறுப்பாளர் இன்றி நடக்கும் எந்தக் கருமமும் நடந்ததாகக் கருதப்படமாட்டாது என்பதால், அன்று பின்னேரமே பதினொரு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு நியமனமானது. அங்குரார்ப்பண வைபவம் புதன்கிழமை, ஆய்வுகூடத்திலேயே. மிஹ்லார் சேருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து ஹமீட் மெல்லச் சொன்னார்: "உங்களுக்கும் ஒரு பொன்னாடை போத்த இரிக்கம்."

கோபம் ஏறின வழியே இறங்கிவிட்டது. என்ன செய்ய? இந்தக் கரையில் பொன்னாடை காணாத தோள் அவருடையது மட்டும்தான். தரைக்குப் பதிக்கும் ஓடு விற்கிற மச்சானிடமே ரெண்டு கிடந்தது.

ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆதிலாதான் கெஞ்சினாள். "சேர், இன்னும் ஒரு நாள் இரிக்கி. வேற போத்தலொண்டக் காட்டுவமா?"

"பொய்யக் காட்டச் சொல்றீங்களா மிஸ்? நான் ஒரு விஞ்ஞானி!" என்றார் சேர், நெஞ்சை நிமிர்த்தி.

புதன்கிழமை கிறாஅத் ஓதல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்தன. ஆதிலா ‘தொடவேண்டாம்’ என்று எழுதி ஒட்டியிருந்ததால் குழுவின் பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். பொன்னாடை போர்த்தியதும் படம் பிடிப்பவர் சொன்னார்: "சேர், போத்தலத் தூக்குங்க. சும்மா தண்ணி மாதிரி இரிக்கி. கொஞ்சம் ஆட்டுங்களன், எடுப்பா வரும்."

சேர் ஆட்டினார். சிரித்துக்கொண்டே ரெண்டு தரம் ஆட்டினார்.

அது முடிய மறுகா சாப்பாடு. பெரிய சஹன் தட்டுகளில் புரியாணி வந்து இறங்கியதுதான் தாமதம், ஒரு அறிவித்தல் இல்லை, ஒரு கடிதம் இல்லை, வந்திருந்த அறுபது பேரும் தட்டுக்கு ஆறு பேராக வட்டம் வட்டமாகக் குந்திவிட்டார்கள். ஐந்து பேர் இருந்த இடத்தில் "ஒராள் குறையிது, வாங்க!" என்று குரல் வந்தது. ஹமீட் ஓடிப்போய் ஆறாவது ஆளானார்.

வாசலில் நின்ற ஆதிலா கேட்டாள்: "இதுக்கு ஆரு சேர் தலைவர்?"

அவளுடைய கையில் போத்தல். அடியில் வெள்ளை மண்டி, மேலே வெறும் தண்ணீர். சேர் உடனே கொழும்புக்குப் போன் எடுத்தார். அடுத்த முறைக்கு எட்டு மாதமாம்.

"நல்லதாப் போச்சு, அதுக்குள்ள குழுவ விரிவாக்குவம்" என்றார் ஹமீட். ‘மூலக்கூறுகள் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை’ என்று கூட்டறிக்கை தயாரானது. குழுவின் செயலாளர் என்ற முறையில் அதில் கையெழுத்து வைத்தவர் மிஹ்லார் சேர்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு படம் பேஸ்புக்கில் வந்தது. போத்தலைப் பொன்னாடை மறைத்திருந்தது. ஒருவரும் கூப்பிடாமலே நானூறு பேர் கூடி ‘மாஷா அல்லாஹ்’ போட்டிருந்தார்கள். ஆதிலாவும் போட்டிருந்தாள், உத்தியோகம் இருக்கிறதே. சேர் எல்லாவற்றையும் ரெண்டு தரம் வாசித்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தானும் ஒரு லைக் போட்டார்.