மின்காந்த மெத்தை மகாத்மியம்

நெருப்பு, சக்கரம், ரப்பர் ஸ்டாம்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த உருப்படியான பொருள் மின்காந்த மெத்தைதான். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. கோப்புப் பிரிவின் மேற்பார்வையாளன் என்ற பொறுப்பில் இருந்துகொண்டு, தீர விசாரித்து, உரிய முறையில் தெரிவித்துக்கொள்கிறேன். வீக்கமா? வடியும். தூக்கம் வரவில்லையா? வரும். என் மனைவியின் முழங்காலே இதற்குச் சாட்சி.

அந்த முழங்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு பெரிய ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். அங்கே வாங்க வருகிறவர் உட்காரலாம், முதலாளி உட்காரலாம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொம்மைகூடக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. விற்கிறவர் மட்டும் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் உயர்ந்த பண்பாடு. பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் 'சின்னச் சின்ன' வேலைகள் இருக்கும். அவை எவையென்று எனக்குத் தெரியாது. சின்ன வேலைகளில் ஒரு மேற்பார்வையாளன் தலையிடுவது முறையல்ல.

ஒரு நாள் வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. வலியில் ராத்திரித் தூக்கமும் போயிற்று. கடையின் தளப் பொறுப்பாளர் அவளைத் தனியே கூப்பிட்டு, "நிக்க முடியலைன்னா சொல்லிடுங்கம்மா. நிக்கிறதுக்கு வெளியில ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க" என்று மிகுந்த கனிவோடு சொன்னாராம். அதாவது முழங்கால் போனால் வேலையும் போகும்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கடைசியில், "பயப்பட ஒண்ணும் இல்ல. தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கி வச்சு ஒரு மணி நேரம் படுங்க. நடுவுல எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

என் மனைவி சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சுவர் நிறையப் பட்டம் மாட்டி வைத்திருக்கிற மனிதர் 'படுங்க' என்கிறார்! படுப்பது ஒரு வைத்தியமா? அதற்கு ஒரு கருவி வேண்டாமா, ஒயர் வேண்டாமா, குறைந்தபட்சம் ஒரு குட்டி விளக்காவது எரிய வேண்டாமா? "இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலை" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நொண்டிக்கொண்டே போய் டீ போட்டாள். எனக்குத்தான். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல என் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. காந்தக் காப்பு, மூலிகைத் தலையணை, ரத்த ஓட்டச் செருப்பு என்று அவன் இதுவரை உலகத்துக்கு ஆற்றிய தொண்டில் பாதி எங்கள் பரணில் கிடக்கிறது. இந்த முறை தோளில் சுருட்டிய மெத்தை, கையில் ஒரு பெட்டி.

"மாமா, இது சாதா மெத்தை இல்ல. உள்ள பூராவும் கம்பிச் சுருள், காயில். மின்காந்தப் புலம்! உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லையும் தட்டி எழுப்பும்."

"நானே தூக்கம் வராம தவிக்கிறேன். நீ எதுக்குடா எழுப்பறே?" என்றாள் என் மனைவி.

"செல்லை எழுப்பும், ஆளைத் தூங்க வைக்கும். அதான்க்கா டெக்னாலஜி."

எனக்கு முழுத் திருப்தி. புரியாத விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஆற்றல் எங்கள் அலுவலகத்திலேயே சிலருக்குத்தான் உண்டு.

ஒரு மாதம் சோதனைக் காலம். காசு வேண்டாம். குணமானால், கம்பெனியின் பெரிய அதிகாரி முன்னிலையில் நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சாட்சி கிடைத்தால் மைத்துனனுக்கு 'மண்டலத் தலைவர்' பதவியாம். கிளம்பும்போது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் கவனம் மாமா. மெத்தை வேலை செய்யறப்போ பக்கத்துல வேற எந்த மின்சார அலையும் இருக்கக் கூடாது. போன், டிவி, எதுவுமே. புலம் கலைஞ்சிடும். படுத்திருக்கிறவங்களையும் யாரும் கலைக்கக் கூடாது."

வேறொருவராக இருந்தால் 'சரி, சரி' என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார். நான் சுற்றறிக்கை போட்டேன். அலுவலகத்தில் எனக்குச் 'சுற்றறிக்கை' என்றே பட்டப்பெயர் உண்டு. பொறாமை பிடித்தவர்கள் வைத்தது. படுக்கையறைக் கதவில் நான் ஒட்டிய வாசகம் இது: "மாலை ஆறு முதல் ஏழு வரை சிகிச்சை நேரம். உள்ளே இருப்பவரை யாரும், எக்காரணம் கொண்டும், எப்பொருளைத் தேடியும் அழைக்கலாகாது. குடும்பத் தலைவருக்கும் இது பொருந்தும்." கடைசி வரியை எழுதியபோது என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

முதல் நாள். சுவிட்சைப் போட்டதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மனைவி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தாள். நான் போன்களைப் பறிமுதல் செய்தேன். ஃபேனை நிறுத்தினேன். அப்போதும் மனசு ஒப்பவில்லை. சுவருக்குள் ஒயர் ஓடுகிறதே, அதில் அலை இருக்காதா? 'எந்த அலையும்' என்றால் எந்த அலையும்தானே? விதியை அரைகுறையாக நிறைவேற்றுவது என் பரம்பரையிலேயே கிடையாது. வெளியே வந்து, மெயின் போர்டில் அந்த அறைக்கு உண்டான ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. கருவி கண்ணை மூடிக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"ஏங்க, அந்த லைட்டு..." என்று மனைவி தலையைத் தூக்கினாள்.

"சிகிச்சை நேரத்துல பேசக் கூடாது."

"இல்லீங்க, மெஷினு..."

"விதி எல்லாருக்கும் பொது."

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கதவில் இருந்த சுற்றறிக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தலையணையில் சாய்த்து, "சரிங்க" என்றாள். அன்றைக்கு மூடிய வாயை அந்த விஷயத்தில் சோதனைக் காலம் முடியும் வரை அவள் திறக்கவே இல்லை.

கல்லூரியிலிருந்து வந்த மகள் மெயின் போர்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அப்பா, அம்மா ரூம் ஃபியூஸ் எங்க?"

"அலைத் தடுப்பு நடவடிக்கை."

"அப்போ மெஷின் எப்படிப்பா..."

உள்ளேயிருந்து மனைவி ஒரு தடவை இருமினாள். மகள் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். "சூப்பர் ஐடியாப்பா!" என்று சொல்லி, பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். படித்த பிள்ளை. அறிவியலை டக்கென்று பிடித்துக்கொண்டது.

அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான் சோதனைக் காலம். வழக்கமாக "டீ என்னாச்சு?" என்று குரல் கொடுப்பேன், டீ வரும். இப்போது குரல் கொடுக்க வழியில்லை. கதவு வரை போனேன். நான் எழுதிய சுற்றறிக்கையை நானே ஒரு தடவை படித்தேன். ஓட்டை எதுவும் இல்லாமல் கச்சிதமாக எழுதித் தொலைத்திருந்தேன். திரும்பி வந்து நானே அடுப்பைப் பற்ற வைத்தேன். 'சர்க்கரை' என்று தெளிவாக எழுதியிருந்த டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக் குடித்தவன், அப்படியே துப்பினேன். உப்பு!

"அது பழைய லேபிள்ப்பா" என்றாள் மகள். "சர்க்கரை, 'சோம்பு'ன்னு போட்டிருக்கிற டப்பாவுல இருக்கு. அம்மாவுக்குத்தான் தெரியும்."

எழுத்தில் இருப்பதை நம்பியே ஆளானவன் நான். என் வீட்டிலேயே ஒரு டப்பாகூட எழுத்துக்குக் கட்டுப்படவில்லை என்பது எனக்குப் பேரதிர்ச்சி. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பல திடுக்கிடும் தகவல்கள் வெளிவந்தன. துவைத்த துணி கொடியிலிருந்து தானாக அலமாரிக்குப் போவதில்லை. சட்டை தானாக இஸ்திரி ஆவதில்லை. சாப்பிட்ட தட்டு, வைத்த இடத்திலேயே மறுநாளும் இருக்கும் குணம் கொண்டது. ஆறிலிருந்து ஏழு வரை நானும் மகளுமாக ஓடி ஓடி வேலை செய்தோம். அவள் எனக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்தாள். இவையெல்லாம் மின்காந்தப் புலத்தின் பக்க விளைவுகள் என்று தாங்கிக்கொண்டேன்.

ஆனால் பலன்! அடடா, பலனை என்ன சொல்வேன்! வாரம் திரும்புவதற்குள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. ராத்திரி படுத்தால் அவளிடமிருந்து குறட்டை வந்தது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நொண்டல் போயிற்று. வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள். தளப் பொறுப்பாளரே அசந்துபோய், "இப்போ நல்லா நிக்கிறீங்கம்மா" என்று பாராட்டினாராம். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் நான் மெத்தையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. "எப்படி சார் வேலை செய்யுது?" என்று கேட்டவர்களிடம், "செல்லை எழுப்பும், ஆளைத் தூங்க வைக்கும்" என்றேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

மாதம் முடிந்தது. மைத்துனன் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான். "நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார் மாமா. விளக்கம் முடிஞ்சதும் மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம்."

"அந்த நோட்டீஸ்?" என்றாள் மனைவி சட்டென்று.

"கருவியே இல்லாத இடத்துல விதி எதுக்கு?" என்றேன். "கிழிச்சிடலாம்."

"அப்போ ஆறு மணிக்கு?"

"ஆறு மணிக்கு என்ன? பழையபடி டீதான்!" என்றேன் உற்சாகமாக.

அவள் முகம் விழுந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். மெத்தை மேல் அவளுக்கு அத்தனை பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை வீடு கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கம்பெனி அதிகாரி கோட்டு, டையோடு வந்தார். 'நலவாழ்வு இயக்குநர்' என்பது பதவியாம். நான் கால் மணி நேரம் உரையாற்றினேன். அடுத்தது செயல்முறை விளக்கம். மனைவி படுத்தாள். சுவிட்சைப் போட்டேன். எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கினேன். இயக்குநருடையதையும்தான். வெளியே போய் ஃபியூஸைப் பிடுங்கினேன். திரும்பி வந்து கதவருகே கம்பீரமாக நின்றேன்.

இயக்குநர் பெட்டியை உற்றுப் பார்த்தார். "சார், லைட் எரியலையே?"

"எரியாது சார்."

"ஏன்?"

"நான்தான் ஃபியூஸைப் பிடுங்கிட்டேனே!" பையிலிருந்து எடுத்து, பதக்கத்தைக் காட்டுவதுபோல உயர்த்திக் காட்டினேன். "இந்த ஒரு மாசத்துல ஒரு நாள்கூட இதைத் தவற விட்டதில்ல."

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா... அந்த மெஷினே கரண்ட்லதான் மாமா ஓடுது."

"அது காந்தம்டா! நம்ம ஃபிரிட்ஜ் கதவுல ஒரு காந்தம் ஒட்டியிருக்கு. அதுக்கு யாரு கரண்ட் குடுக்கறா?"

நியாயமான கேள்வி. மைத்துனன் இயக்குநரைப் பார்த்தான்.

இயக்குநர் லேசுப்பட்டவர் இல்லை. டையைச் சரி செய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பார்த்தீங்களா! கரண்ட் இல்லாமலே எங்க மெத்தை இவ்வளவு குணம் குடுத்திருக்கு. அப்போ கரண்டும் இருந்தா?"

கைதட்டல் எழுந்தது. நான்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன். மைத்துனனுக்கு உயிர் வந்தது.

அப்போது என் மனைவி எழுந்தாள். நொண்டாமல் நடந்து வந்து, "தம்பி, மெத்தையைச் சுருட்டுடா" என்றாள்.

"என்னக்கா இது? குணம் ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு. மெஷின் ஓடலைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். டாக்டர் படுன்னாரு. படுத்தேன்."

இயக்குநர் விடவில்லை. "அப்போ முன்னாடியே படுத்திருக்கலாமே மேடம்?"

"படுத்தா, கூப்பிடாம இருக்கணுமே சார்." அவள் சிரித்தாள், டாக்டரிடம் சிரித்த அதே சிரிப்பு. "மெத்தையை எடுத்துட்டுப் போங்க. பெட்டியையும் எடுத்துக்குங்க. கதவுல இருக்கிற நோட்டீஸை மட்டும் யாரும் தொடக் கூடாது."

"சரி மேடம், எங்க ஆராய்ச்சிக்காகக் கேக்கறேன்" என்றார் இயக்குநர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "அந்த வீக்கத்துக்கு என்னதான் காரணம்?"

"காரணமா? அதோ, கதவுகிட்ட நிக்குது."

எல்லாரும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் பார்த்தார்கள். கையில் ஃபியூஸோடு நானும் ஆவலாகத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.