சாரக்காரர் வழியாக ஒரு குடித்தனம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காளைக் கட்டிய அத்தான் எழுதுவது. இங்கு நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதினேனே தவிர, நலம் ஒன்றும் இல்லை.

எங்கள் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு நடக்கிறது. அதற்காகத் தரையிலிருந்து உச்சிவரை மூங்கிலில் சாரம் கட்டி, அதன்மேல் பச்சை வலையைப் போர்த்திவிட்டார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் நான் எழுந்து, இவ்வளவு உயரத்துக்கு மூங்கிலும் கயிறும் தாங்குமா, இரும்புக் குழாய் போட்டால் என்ன என்று நியாயமாகத்தான் கேட்டேன். உன் அக்காள் அத்தனை பேர் முன்னாலும், "இவருக்கு ஸ்டூல் மேல ஏறவே கை காலெல்லாம் உதறும், இவர் பேச்ச விடுங்க" என்றாள். சபையே சிரித்தது. பதிலுக்கு நான் உங்கள் குடும்பத்து மூளையைப் பற்றி ஒரு வார்த்தை விட்டேன், உன்னை உதாரணம் காட்டி. என்ன வார்த்தை என்று கேட்காதே. அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

அவள் சமையலறையில், நான் படுக்கையறையில். எங்கள் இருவரைத் தவிர யாருமில்லாத வீட்டில், வலை வெளிச்சத்தில் பச்சைப் பசேலென்று திரிகிறோம். மேஜையில் சாப்பாட்டுத் தட்டு இருக்கும், வைத்தவள் இருக்க மாட்டாள். முதலில் ரோஷமாக இருந்தது. இவள் இனி பேசவே மாட்டாளோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இதில் வந்து மாட்டியவர் சாரக்காரர். சமையலறை ஜன்னலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒற்றை மூங்கிலில் வெறுங்காலோடு நடந்து என் ஜன்னலுக்கு வந்து, "சார், கேஸ் தீரப் போகுதாம், அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றார். "புது சிலிண்டருக்கு ஏற்கெனவே சொல்லியாச்சுன்னு சொல்லுங்க" என்றேன். அன்றிலிருந்து எங்கள் குடித்தனம் சுவருக்கு வெளியே நடக்கிறது. பதினோராவது மாடி, எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அந்த மனுஷன் உப்புப் போதுமா என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு அந்தரத்தில் போய் வருகிறார். போகப் போக, "மாத்திரை போட்டீங்களான்னு அம்மா கவலையாக் கேட்டாங்க" என்றும் வந்தது. கவலையாகவா, உன் அக்காளா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

இப்போது பூச்சு முடிந்துவிட்டது. நாளை சாரத்தைப் பிரிக்கிறார்கள். அப்புறம் இந்த வீட்டில் யார் யாரிடம் பேசுவது? முதலில் போய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளோ உங்கள் வீட்டுப் பெண். ஆகவே உடனே புறப்பட்டு வா. நான் வருத்தப்படுகிறேன் என்று, நீயாகச் சொல்வதுபோல் அவளிடம் சொல்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். குறைவில்லாமல் இருங்கள், முக்கியமாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு இருங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு. (மறுநாள் எழுதுவது): வர வேண்டாம், கடிதத்தைக் கிழித்துவிடு. இன்று காலை எங்கள் மாடிச் சாரம் இறங்கிவிட்டது. உன் அக்காள் வந்து அறை வாசலில் நின்று, "நான் சாப்பிட்டேனான்னு தினம் கேட்டு அனுப்பினீங்களே, நெசமாவா?" என்றாள். நான் ஒரு தடவைகூடக் கேட்டு அனுப்பியதில்லை. "ஆமா" என்றேன். என் மாத்திரையைப் பற்றி அவள் கேட்டது நிஜமா என்று நான் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து அவளும் "ஆமா" என்றாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.