இரண்டாவது முடிச்சு

மதுரையில் மனிதர்களின் மூக்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோகிராபர் நூல்கண்டு. வீட்டில் வைத்த பெயர் அவசரத்துக்கு அவருக்கே ஞாபகம் வராது.

குரூப் போட்டோ என்றால் காமிரா ஸ்டாண்டின் கழுத்தில் கொத்தனார் நூல் ஒன்றைக் கட்டிவிடுவார். நுனியில், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு முடிச்சுகள். முதல் முடிச்சு உட்கார்ந்திருப்பவர்களின் மூக்குக்கு. இரண்டாவது பின்னால் நிற்பவர்களின் மூக்குக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற முகமெல்லாம் தெளிவாக விழும், தாண்டினால் மசங்கல் என்பது அவர் சாஸ்திரம். நூலை ஒவ்வொருவர் மூக்கிலும் பக்கத்தில் நிற்பவர்தான் வைத்துக் காட்ட வேண்டும். நூல்கண்டு காமிராவை விட்டு நகர மாட்டார். முன்வரிசை பின்னால் சாய, பின்வரிசை முன்னால் குனிய, மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்ததுபோல் இருக்கும். ஆனால் படத்தில் கடைசி ஆளின் மீசை நரையைக்கூட எண்ணிவிடலாம்.

கண்ணுக்குத்தானே அளக்க வேண்டும் என்று ஒருமுறை என் மேதைமையைக் காட்டினேன்.

"கண்ணுக்குத்தாண்ணே. குத்திருச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு அலையுறது?"

ஒரு கல்யாணத்தில் நாற்பது மூக்கு அளந்து முடிக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா தும்மிவிட்டார். முதலிலிருந்து அளக்கவைத்தார் நூல்கண்டு. சாப்பிடப் போனபோது பாயசம் இல்லை. எங்கள் ஆபீஸ் குரூப் போட்டோவில் மேனேஜரையே பின்னால் போகச் சொன்னார். மேனேஜர் முறைத்தார். "இப்படியே நின்னா தொப்பை பெருசா விழும், மூஞ்சி மசங்கும். எது வேணும் சார்?" என்று கேட்டார் நூல்கண்டு. மேனேஜர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அடி பின்வாங்கினார்.

இப்படிப்பட்டவரைத்தான் என் தங்கை வசந்தா, தன் மகளின் காதுகுத்துக்கு அழகர்கோவிலுக்கு வரவழைத்திருந்தாள். காரணம் நானும் என் அண்ணனும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் மூத்த பையனுக்குக் காது குத்தினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர், காதுகளும் இரண்டு; கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் இரண்டு காதுக்கும் தானே உட்கார்ந்துவிட்டார். படித்தவன், நாலு பேருக்கு எழுதுகிறவன் என்று பெயரெடுத்த நான் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்தும் வெளியேறினேன். அதன்பின் எந்த விசேஷத்திலும் கடைசி வரிசைக்கும் பின்னால், அண்ணன் முதுகுக்கு மறைவாக நின்று மசங்கலாக விழுவதையே கொள்கையாக வைத்திருந்தேன்.

"ஒரே ஒரு படத்துல ரெண்டு பேரும் தெளிவா இருங்க. வேற எதுவும் கேக்கல" என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள் வசந்தா.

காது குத்துவதற்கு முன்பே குரூப் போட்டோ என்றுவிட்டார் நூல்கண்டு. குத்தினால் பாப்பா அழும், அழுதால் ஆடும். முன்வரிசையில் பாப்பாவோடு வசந்தா உட்கார, நான் வழக்கமான இடத்துக்குப் போனேன். நூல் என் பக்கம் வந்து, ஒரு சாணுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, நூல் எட்டல. முன்னால வாங்க" என்றார் நூல்கண்டு.

"நூலைக் கொஞ்சம் நீட்டிக்கிறது."

"நீட்டலாம். முன்னால இருக்குற பாப்பா மசங்கிரும். பாப்பா வேணுமா வேணாமா, சொல்லுங்க."

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. முன்னால் போனேன். அங்கே இருந்த ஒரே இடைவெளி அண்ணனுக்குப் பக்கத்தில்தான். அது தானாக வந்த இடைவெளி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நூல் நுனி அண்ணன் கையில் இருந்தது.

அண்ணன் இரண்டாவது முடிச்சை என் மூக்கில் வைத்தார்.

"மூக்கை ஆட்டாதடா."

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு.

"நான் ஆட்டலண்ணே. நூல்தான் ஆடுது."

அண்ணன் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தார்.

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "இடது காது உனக்கு."

வசந்தாவுக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. அவள் தோள் குலுங்கியது.

"அக்கா, மூக்கை உறிஞ்சாதீக. முடிச்சு விலகுது" என்றார் நூல்கண்டு, காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு எல்லா மூக்கையும் முதலிலிருந்து அளக்கச் சொன்னார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இடது காதுக்குப் பாப்பா என் மடியில் அழுத அழுகை மலை முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

கிளம்பும்போது நூல்கண்டை எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தி, தங்கை வீட்டுக்காரர் தன் போனில் ஒரு படம் எடுத்தார். சரியாக எடுக்கிற நேரத்தில், "அண்ணே, ஒரு விரக்கடை பின்னால நிக்கிறீக" என்று என்னை இழுக்கத் திரும்பிவிட்டார் நூல்கண்டு.

அந்தப் படத்தில் நானும் அண்ணனும் பளிச்சென்று இருக்கிறோம். நடுவில் அவர் மட்டும் மசங்கல். என் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படம்தான்.