ஜப்பான் பானையும் மூன்று சுற்றும்

மாமனாருக்குக் கொள்ளிக்குடம் உடைத்த மாப்பிள்ளைகள் ஊரில் பலர் உண்டு. மாமனார் உயிரோடு, கழுத்தில் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே உடைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அப்போது அவர் எனக்கு மாமனார்கூட ஆகியிருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. பகலில் திருச்சி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மாலையில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கலாரசிகர் சங்கத்தில் உதவிச் செயலாளர் (சம்பளம் கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் உண்டு). சங்கத் தலைவர் பெரிய கடைவீதி இரும்பு வியாபாரி நமச்சிவாயம். அவருக்கு மூன்று பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது. மூன்றாவது பெண் மங்கைக்கு என் ஜாதகம் போய், பொருந்தியும் விட்டது. மங்கையை மலைக்கோட்டைப் படியில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதற்கே ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

நமச்சிவாயம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "ஜாதகம் கெடக்கட்டும். பையன் ஒரு விழாவை முன்னாடி நின்னு நடத்தட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். அந்த விழாதான் ஜப்பான் குயவருக்கு நாங்கள் வைத்த வரவேற்பு.

அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் 'ஜப்பான் ஐயா' என்றே அழைத்தோம். எட்டுத் தலைமுறையாகத் தேநீர்க் கிண்ணம் மட்டுமே செய்த குடும்பம். இவரோ அப்பா காலத்துக்குப் பிறகு பானையில் ஓட்டை போட ஆரம்பித்தார். தண்ணீரும் நிற்காது, அரிசியும் நிற்காது. ஆனால் அந்தப் பானைகளை மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மண்பாண்டத்தைச் சிற்பமாக்கிய மேதை என்று அவரோடு வந்த ஆங்கிலக் குறிப்பு சொன்னது. அந்த இரண்டு பக்கக் குறிப்பிலிருந்து நான் பதினோரு பக்கத்துக்கு வரவேற்புரை எழுதினேன் (மூன்றாம் பக்கத்துக்கு மேல் எல்லாம் என் சொந்தச் சரக்கு). தலைப்பு: 'மரபிலிருந்து சிற்பம் வரை: ஒரு கலை வாழ்வின் மூன்று கட்டங்கள்'.

விழாவன்று காலையில் அவரை ஸ்ரீரங்கம் அழைத்துப் போனேன். கோபுரத்தைக் காட்டினால் தலையாட்டினார். ஆயிரங்கால் மண்டபத்துக்கும் அதே தலையாட்டல். பெருமாளுக்குத் தளிகை செய்து கழித்த மண்பானைகள் குவிந்து கிடந்த இடத்தில்தான் கால் ஊன்றி நின்றுவிட்டார். ஒரு பானையை எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். ஒரே நாள், மறுநாளுக்குப் புதுப்பானை என்றேன். வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பித்தம் போலிருக்கிறது என்று நினைத்து எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

விழாவில் காட்ட ஒரே ஒரு பானை கொண்டு வந்திருந்தார். கருஞ்சிவப்பு, நல்ல உருண்டை, வயிற்றில் மூன்று ஓட்டை. மூன்றுக்கும் மரத்தக்கை. நீர் நிரப்பித் தக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் மூன்று திசையிலும் தண்ணீர் வளைந்து பாயும். மண் பாதிச் சிற்பம், நீர் மீதி என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பானையை மேஜையில் வைத்தால் பின்வரிசைக்குத் தெரியாது. நானே தோளில் தூக்கி, தலைவரைச் சுற்றி வருகிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு தக்கை, ஒரு தக்கைக்குக் கலை வாழ்வின் ஒரு கட்டம். தலைவருக்குப் பூரணகும்ப மரியாதை செய்த மாதிரியும் ஆயிற்று. ஜப்பான் ஐயாவும் சரி என்று குனிந்தார். (அவர் எதற்கும் குனிவார்.)

என் பெற்றோர் இருவரும் நன்றாக இருந்தார்கள். சாவு வீடு என்றால் அம்மா என்னைத் தெருவோடு திருப்பி அனுப்பிவிடுவாள். சுடுகாட்டில் என்ன நடக்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. போதாததற்கு, மங்கை கிடைக்க வேண்டும் என்று சமயபுரத்தில் வேண்டிக்கொண்டு மூன்று நாள் முன்புதான் மொட்டை போட்டிருந்தேன். மீசையும் போயிருந்தது.

நமச்சிவாயத்துக்கு மூட்டுவலி, மேடை ஏற மாட்டார். ஹால் நடுவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைத்து, ரோஜா மாலை போட்டோம். தலைப்பக்கம் முக்காலியில் குத்துவிளக்கு, வாழைப்பழத்தில் ஊதுபத்தி. அடுத்த மாதம் அவருக்கு அறுபது நிறைகிறது. அதுவரை பெரிய கண்டம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று ஜோசியர் சொல்லியிருந்ததால் ஆறு மாதமாக மனிதர் பயந்து பயந்துதான் வெளியே வந்துகொண்டிருந்தார். இதுவும் எனக்குத் தெரியாது.

பதினோரு பக்கத்தையும் வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். ரசிக்கிறார் என்று குரலை உயர்த்தினேன்.

பிறகு பானையைத் தூக்கினேன். வலது கையில் குறிப்பு இருந்ததால் இடது தோளில் வைத்தேன். வலப்பக்கம் தூண் மறித்ததால் இடப்பக்கமாகச் சுற்றினேன். பின்னாலேயே ஜப்பான் ஐயா.

முதல் சுற்று. "மரபு!" என்றேன். தக்கையைப் பிடுங்கினார். தண்ணீர் என் முதுகில் பாய்ந்தது. ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்து நின்றார். கௌரவம் கொடுக்கிறார் என்று மகிழ்ந்தேன்.

இரண்டாம் சுற்று. "தேடல்!" வேட்டி முழுக்க நனைந்து காலில் ஒட்டியது. இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒரு பெரியவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெண்கள் பக்கம் மங்கையின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தார். கலை இப்படி உருக்குமா என்று எனக்கே கண் கலங்கியது.

மூன்றாம் சுற்று. "சிற்பம்!" தக்கை வந்தது. போட்டோக்காரர் பளிச்சென்று பிளாஷ் பல்பை வெடிக்க வைத்தார். நான் திடுக்கிட, ஈரத் தோளிலிருந்து பானை பின்பக்கமாக வழுக்கி விழுந்து, நமச்சிவாயத்தின் தலைமாட்டில் சிதறியது.

முன்வரிசையில் யாரோ ஒருவர், பல சாவு பார்த்த பழக்கத்தில், ரொம்பப் பரிவாகச் சொன்னார்.

"தம்பி, திரும்பிப் பாக்காம போங்க."

எனக்கு அது மகா கருணையாகப் பட்டது. திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் நமச்சிவாயம் தூக்கம் கலைந்து கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"யாருப்பா அந்த மொட்டை?"

எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கி, ஈரத்தில் தெருப்புழுதி ஒட்டி உடம்பெல்லாம் சேறாக இருக்கிறதே என்று காவிரியில் ஒரு முழுக்குப் போட்டேன். (விட்டுப்போனது அது ஒன்றுதான், அதையும் குறைவில்லாமல் செய்தேன்.) வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் செய்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. மங்கை போனாள் என்று குப்புறப் படுத்து அழுதேன்.

மறுநாள் காலை நமச்சிவாயம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பாவும் நானும் மன்னிப்புக் கேட்கப் போனோம். கூடத்தில் ஜப்பான் ஐயா உட்கார்ந்திருந்தார், மடியில் பானை ஓடுகள் நிறைந்த பெட்டி. அவர் தங்கியிருந்த ஓட்டல் மேனேஜர் அவருடைய ஆங்கிலத்தை மொழிபெயர்த்தார்.

அவர்கள் ஊரிலும் ஒருவர் இறந்தால், உடலை வெளியே எடுக்கும்போது அவர் சாப்பிட்ட சோற்றுக் கிண்ணத்தை வாசலில் போட்டு உடைப்பார்களாம். அவருடைய அப்பா செத்தபோது, அப்பா தன் கையால் செய்த கிண்ணத்தை இவர்தான் உடைத்தாராம். மனசு கேட்காமல் ஓடுகளைப் பொறுக்கி ஒட்டினாராம். மூன்று சில்லு கிடைக்கவே இல்லை. அந்த மூன்று ஓட்டையைத்தான் அதற்குப் பிறகு எல்லாப் பானையிலும் போட்டு வருகிறாராம். அதைப் பற்றி மேதைகள் என்னென்னவோ எழுதினார்கள். நிஜத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இத்தனை வருஷத்துல என் பானையைப் பாத்ததும் எழுந்து நின்ன கூட்டம் இது ஒண்ணுதான்னு சொல்றாருங்க" என்றார் மேனேஜர்.

பதினோரு பக்கம் எழுதியவனுக்கு அவர் வாழ்க்கையில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார். முகத்தில் ஆறு மாதமாகக் காணாத தெளிவு. ஜோசியரை விடியற்காலையிலேயே பார்த்துவிட்டாராம். எல்லாச் சடங்கும் நடந்துவிட்டதால் கண்டம் கழிந்தது, இனிமேல் பயமில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"ஆனா ஒண்ணு" என்று என் அப்பாவைப் பார்த்தார். "எனக்குக் குடம் ஒடைச்சவன் அசல் வீட்டு ஆளா இருந்தா நல்லா இருக்காதுங்க. பையனை வீட்டோட சேத்துக்கிறதுதான் மொறை. அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்குவோமா?"

கதவுக்குப் பின்னால் மங்கை சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் இருந்தார். டாக்டரிடம் போகச் சொன்னால், "எனக்கென்ன, எல்லாம் முடிஞ்ச ஆளு" என்பார். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் போதும், என் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவார்கள்.

மூத்த மாப்பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தும், ஆரம்பித்தவனே முடிக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். எடுக்கும் நேரத்தில் பங்காளி ஒருவர் எனக்கு முறைகளை விளக்க வந்தார். அழுதுகொண்டிருந்த மங்கை நிமிர்ந்து, "அவருக்குச் சொல்லித் தர வேணாம், ஏற்கெனவே செஞ்சிருக்காரு" என்றாள். சாவு வீடு சிரித்தது.

காவிரிக்கரையில் மறுபடியும் மொட்டை, இடது தோள், ஈர வேட்டி, மூன்று சுற்று. குடம் விழுந்ததும் யாரோ, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். அன்று நடந்த கால் இன்று எழவில்லை. "யாருப்பா அந்த மொட்டை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டுவிடாதா என்று நின்றுகொண்டிருந்தேன்.