உழவாரன் உட்கார்ந்த மரம்

பெண் பார்க்கப் போகிறவனுக்குக் கேசரியை எப்படி அடக்கமாகச் சாப்பிடுவது என்று சொல்லித்தர ஊரே இருக்கும். பெண்ணோடு பறவை பார்க்கப் போகிறவனைக் காப்பாற்ற ஒருவரும் வரமாட்டார்கள்.

ஸ்டெல்லா குரும்பலூரில் விலங்கியல் டீச்சர். லீவு நாளென்றால் காட்டுக்குப் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவாள். “ஒரு காலைல என்கூட வரட்டும், அப்புறம் சொல்றேன்” என்று தன் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். எனக்கோ அவளைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே போனில் பறவைகளைப் பற்றிப் படித்துத் தள்ளினேன். (பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.)

பச்சைமலை அடிவாரத்தில் அவள் அப்பா ஸ்கூட்டரோடு நின்றுகொள்ள, நாங்கள் இருவரும் காட்டுக்குள் நடந்தோம். இலை உதிர்ந்த ஒரு மெலிந்த மரத்தின் கிளையில், தலையில் கொண்டையோடு சாம்பல் நிறப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது.

“கொண்டை உழவாரன்” என்றாள் மெதுவாக.

விட்டேனா! “உழவாரன் கிளையில உக்காராதுங்க. அதுக்குக் கால்ல வலுவே கிடையாது. செவுத்துல தொத்திக்கும், அவ்ளோதான்.”

“மத்த உழவாரன் உக்காராது. காட்டுல இருக்கற இது உக்காரும்ங்க.”

“பறக்கவிட்டுப் பாத்தா தெரிஞ்சிடப்போவுது” என்று மரத்தைக் கட்டிப்பிடித்து உலுக்கினேன். பறவை நகரவில்லை. (மானப் பிரச்சினை ஆகிவிட்டது.) இன்னும் பலமாக உலுக்கினேன்.

“ஐயோ, விடுங்க! அது அடைகாக்குது!”

பைனாகுலரை என் கையில் திணித்தாள். பறவையின் வயிற்றுக்கடியில், கிளையோரமாக எச்சிலால் ஒட்டிய குட்டிக் கிண்ணம் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. உள்ளங்கையில் பாதிகூட இருக்காது.

“ஒரே ஒரு முட்டைதான் வைக்கும். இருக்கா, விழுந்துடுச்சான்னு ஜோடி வந்து மாத்தி உக்காரும்போதுதான் தெரியும். ஆடாம நில்லுங்க.”

நின்றேன். மரத்திலிருந்து என்மேல் குடியேறிய கட்டெறும்புகள் சட்டைக்குள் தேர்பவனி நடத்தின. வேறு சமயமாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று கல்யாணம்கூட மறந்துபோயிற்று. அந்த முட்டை மட்டும் இருந்தால் போதும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

ஒருவழியாகச் செம்பழுப்புக் கன்னத்தோடு ஆண் பறவை வந்தது. பெண் எழுந்து பறந்த அந்த நொடியில், கிண்ணத்துக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. “இருக்குங்க” என்று வாயை மட்டும் அசைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டெல்லா பறவையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியதும் அவள் அப்பாவிடம் சொன்னாள்: “சரின்னு சொல்லிடுங்கப்பா. பறவையப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு முட்டைக்காக அத்தன எறும்பு கடிச்சும் ஆடல.”

எங்கள் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. இன்றும் பஸ்ஸில் என் மடியில்தான் தூங்குவாள். கை மரத்துப்போய் நான் லேசாக நெளிந்தால் போதும், முன் சீட்டிலிருந்து மாமனார் திரும்பிப் பார்ப்பார்.

“மாப்ள, ஆடாதீங்க. முட்டை இருக்கு.”